விருந்தாளிப் போர்வை

“அலமாரி காலியா இருக்கே!” கெனுவே திரும்பிப் பார்த்தாள்.

அறையில் ஹீட்டர் ஓடவில்லை. தூதர் மொகோமா, போர்த்தியிருந்த கம்பளிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினார்.

லெசோத்தோ சின்ன நாடு. வெளிநாடுகளில் இருக்கும் தூதரகங்களில் மூன்றை மூடப் போகிறார்கள். எவை என்று பார்த்துச் சொல்லத்தான் தலைநகர் மாசேருவிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள்.

“இந்த ஊர் மந்திரிக்கு, மேயருக்கெல்லாம் பரிசாக் கொடுக்கத்தானே வருஷா வருஷம் போர்வை அனுப்பறோம்? எங்கே போச்சு?”

“கொடுத்தாச்சும்மா.”

“மந்திரி ஆபீஸ்ல கேட்டேன். நீங்க சாக்லெட் டப்பா கொடுத்தீங்களாம். நாட்டு மானமே போச்சு, ஐயா!”

“போர்வையெல்லாம் நம்ம ஆளுங்களுக்குக் கொடுத்தேன்.”

“நம்ம ஆளுங்களுக்கா, சந்தைக்கா? இங்கே நல்ல விலை போகுமாமே!”

மொகோமா கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் கெனுவே. “என் தம்பி இந்த ஊர் ஹோட்டல்லதான் வேலை பார்த்தான். போன குளிர்காலத்துல செத்துப்போனான். நம்ம ஊர்ப் போர்வை எங்கேயோ தேடி வாங்கி, போர்த்தி, உடம்பை ஊருக்கு அனுப்பியிருந்தார் அவன் முதலாளி. வேத்து மனுஷனுக்கு இருக்கற மனசைப் பாருங்க! காலையில நேர்ல போய் நன்றி சொன்னேன். திருதிருன்னு முழிச்சார், பாவம். செஞ்சதைச் சொல்லிக்கத் தெரியாதவர்.”

“ஆறிடப் போகுது. குடிங்கம்மா.”

கெனுவே குடிக்கவில்லை. பேனாவைத் திறந்து, ‘மூடலாம்’ என்று எழுதினாள்.

டிரைவர் பிட்சோ கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தான். “ஐயா, ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க. செத்துப்போன நம்ம ஊர் நர்ஸ் பொண்ணோட பெட்டியை மூடப் போறாங்களாம்.”

மொகோமா எழுந்து அலமாரிப் பக்கம் போனார். பாதியில் நினைவு வந்தவர்போல் நின்றார். பிறகு தன் தோளிலிருந்த போர்வையை எடுத்து, மடித்து, பிட்சோவிடம் நீட்டினார்.

“போர்வைக் கோடு நம்ம வழக்கப்படி தலையிலேர்ந்து காலுக்கு ஓடணும். இவங்க தெரியாம குறுக்கே போட்டுடுவாங்க. நீயே போர்த்து.”

“எனக்குத் தெரியாதா ஐயா? இது என்ன முதல் தடவையா?”

அவன் போய்விட்டான். மொகோமா கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றார். ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்திருந்தது.

“மந்திரிக்குச் சாக்லெட் போதும்னு நெனச்சேம்மா. தப்புதான்.”

கெனுவேயால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன குளிர்காலத்தில் மாசேருவில் பெட்டியைத் திறந்தபோது, தம்பி மேலிருந்த போர்வையை அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். கோடு தலையிலிருந்து காலுக்கு நேராக ஓடியிருந்தது.

அந்த முதலாளிக்கு அது எப்படித் தெரியும் என்று, வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.