பிளாஸ்டிக் பிரிக்காத கார்

முதலில் குழி பறித்தது மச்சான்தான். அதில் மெக்கானிக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர் அவர். இனித் தேறாது என்று தெரிந்தால் மெஷினின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். "இதுக்குச் செலவு பண்ணாதீங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற கடையில புதுசு வாங்குங்க. நான் அனுப்பினதாச் சொல்லுங்க."

அதிகம் பேரை அனுப்பி வைக்கிறவருக்குக் கார் பரிசு என்று கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் திட்டத்தில் சேர மச்சானின் நம்பரைக் கொடுத்திருந்தார்.

டிரம் பெல்ட் வாங்க அந்தக் கடைக்குப் போனபோதுதான் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தார். புத்தம் புதுக் கார். பக்கத்தில், அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு மச்சான்.

பெல்ட்டை வாங்காமலே மச்சான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"கார் எங்கடா?"

"உள்ள வாங்க மாமா. உட்காருங்க."

"உட்கார வரலை. கார் எங்க?"

"வித்துட்டேன்."

"வித்துட்டியா! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"பரிசா வந்தாலும் வரி உண்டு மாமா. அதைக் கட்டினாத்தான் சாவியைத் தருவாங்க. கடன் வாங்கிக் கட்டினேன். கடனை அடைக்கணும்னு வித்தேன்."

"புதுக் காரை வித்தவனுக்குக் கடன் போக எவ்வளவு மிஞ்சியிருக்கும்? யார் காதுல பூ சுத்தற?"

"சத்தியமா மாமா. சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கலை. பிரிக்காம வச்சிருந்தா புது வண்டி விலைக்குப் போகும்னு நினைச்சேன். பேர் பதிஞ்சுட்டாலே அது பழைய வண்டிதானாம். அடிமாட்டு விலைக்குக் கேட்டாங்க. ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கு. அது உங்களுக்குத்தான்."

"கொஞ்சம்! முட்டி தேய மாடி மாடியா ஏறி இறங்கினவன் நான். காரை வித்து, உட்கார்ந்த இடத்துல வேலை பார்க்கச் சின்னதா ஒரு கடை போட்டிருப்பேன். உன் பேரை எவன்டா எழுதச் சொன்னான்?"

மச்சான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். திருட்டு முழி என்பது இதுதான் என்று மெக்கானிக் முடிவுகட்டினார்.

"அது... அப்படி ஆயிடுச்சு மாமா. அக்கா எப்படி இருக்கா?"

"பேச்சை மாத்தாதே. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு, என் தம்பி தங்கம்னு சொல்லிக்கிட்டு நல்லாத்தான் இருக்கா!"

வீட்டுக்கு வந்தும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், அறைந்து சாத்தினார். ஒரு மோட்டாரைப் பிரித்தார். திரும்ப மூடியபோது கையில் ஸ்க்ரூ மிஞ்சியது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்றாள் மனைவி.

"ஆமா, உன் தம்பி உத்தமன். நான்தான் ஊரை ஏமாத்தறவன்."

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றுவிட்டார். மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"மச்சான் பேரை அடிச்சுட்டு என் பேரைப் போடுங்க. எத்தனை வீட்டுக்காரங்களை வேணும்னாலும் சாட்சிக்குக் கூட்டிட்டு வரேன்."

"சாட்சி எதுக்குங்க? ஆள் அனுப்பினது நீங்கதான்னு எங்களுக்கே தெரியும். வண்டி வித்தாச்சுன்னாலும், எழுதிக் கொடுத்தா பரிசுக் கணக்குல பேரை மாத்திடலாம்."

"அப்ப பேனாவைக் கொடுங்க!"

"கொடுக்கறேன். ஆனா கார் விலை மொத்தமும் இந்த வருஷம் உங்க வருமானமாக் கணக்குல ஏறும்."

"ஏறட்டும்!"

"ஏறினா உங்க வீட்டம்மாவுக்கு இலவசமா நடக்கற வைத்தியம் நின்னுடும். குறைஞ்ச வருமானம் உள்ளவங்களுக்குத்தானே அது?"

வாங்கிய பேனாவோடு மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மச்சான் இதே இடத்துல உட்கார்ந்து எங்க ஆடிட்டர்கிட்ட அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம்தான் 'என் பேர்லயே இருக்கட்டும், வரியும் நானே கட்டறேன்'னார்."

"அதை என்கிட்டச் சொன்னா அவன் வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

"நானும் கேட்டேங்க. 'மாமா வாயில எதுவும் நிக்காது. அக்கா காதுக்குப் போனா, எனக்கு வைத்தியமே வேண்டாம், அவருக்குக் காரைக் கொடுங்கன்னு படுத்துடுவா'ன்னார்."

மெக்கானிக் பேனாவை மேஜைமேல் வைத்தார். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"கடையில என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். கையில் ஒரு கவரோடு மச்சான் நின்றான்.

"மாமா, மிச்சப் பணம். எண்ணிப் பார்த்து வாங்கிக்கோங்க. இதோட மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

"யாருக்கு வேணும்டா உன் பிச்சைக் காசு?" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார் மெக்கானிக். "திருடனுக்கு என் வீட்டுல என்ன வேலை? இறங்கு கீழே!"

"ஐயோ, அவனை விட்டுடுங்களேன்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மச்சானின் சட்டையைப் பிடித்து மாடிப்படி வளைவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அடி விழப்போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மெக்கானிக் அந்தக் கவரை அவன் சட்டைப் பைக்குள் திணித்துக் காதோரம் குனிந்தார்.

"நீ எனக்குக் கடன்காரனாவே இருடா. கணக்குத் தீர்ந்துட்டா நாளையிலிருந்து எதைச் சொல்லி உன்னைத் திட்டறது? உங்க அக்காவுக்குச் சந்தேகம் வந்துடும்."