பெர்த் நகரத்து ஆற்றங்கரை

ஆற்றுக்குள் பன்றி இறங்கியதைப் பார்த்ததும் பரமேஸ்வரனுக்குப் பெர்த் நகரம் ஞாபகம் வந்துவிட்டது.

தென்காசி யானைப் பாலத்தை ஒட்டிய சிற்றாற்றங்கரை. காலை ஆறு மணி. ஆனிச் சாரல் முகத்தில் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊர் உலகமெல்லாம் கார் பிடித்து ஓடி வருகிறது. அதே தண்ணீர்தான் இங்கே வந்து ஆற்றை மூடிக் கிடக்கும் அமலைச்செடிக்குள் ஒளிந்துகொள்கிறது.

அங்கே ஆறு எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார்.

கூட நடந்த சிவனணைந்தபெருமாள் சலித்துக்கொள்ளவில்லை. போலீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருடைய பொய்யை முழுசாகக் கேட்டுப் பழகியவர். பரமேஸ்வரன் அண்ணாச்சி சொல்வதில் மட்டும் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அண்ணாச்சி சொன்ன எதுவும் பொய்யும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெர்த் இல்லை, ஸ்காட்லாந்தில் இருப்பது. ஆஸ்திரேலியாக்காரன் அங்கிருந்துதான் பேரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டான் என்பதை, தன் தாத்தா சொத்து பறிபோனது மாதிரி சொல்வார் பரமேஸ்வரன். அவருடைய மகன் முத்துகுமரனுக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை. போன வருஷம் ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தார்.

ஏழரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் கூப்பிடு தூரத்தில் ஆறு. அதற்கு டே என்று பேர். தாமிரபரணியைவிட அகலம், ஒரு காகிதம் மிதக்காது. பாலத்துத் தூணில், வெள்ளம் எந்த வருஷம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டுச் செதுக்கி வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலு. அதற்குக் கீழே இருப்பதும் அவருக்கு வரிசையாக மனப்பாடம்.

பழைய கல் தேவாலயம் எத்தனை மணிக்குத் திறக்கும், பூங்காவில் எந்தப் பெஞ்சில் எப்போது வெயில் விழும், நூலகத்தில் எந்த நாற்காலி அறையைச் சூடாக்கும் குழாய் பக்கத்தில் இருக்கிறது, எல்லாம் அத்துப்படி. அந்த ஊர்க்காரனுக்கே இவ்வளவு தெரியாது என்பார் பெருமாள்.

இன்றைக்குப் பெருமாளின் கவனம் கதையில் இல்லை. பத்து மணிக்குப் பத்திரப் பதிவு. வடகரையில் இருக்கும் தென்னந்தோப்பை விலைக்குக் கொடுக்கிறார்.

கிளாஸ்கோவில் இருக்கும் மகன் விஜய்பாண்டி அந்தப் பணத்தையும் போட்டு வீடு வாங்கப்போகிறானாம். அதில் அப்பாவுக்கென்று தனி அறை. வருஷத்தில் ஆறு மாதம் வந்து இருக்கச் சொல்கிறான். மனைவி குருவம்மாள் போய்ச் சேர்ந்ததிலிருந்து தனக்குத் தானே பொங்கித் தின்று அலுத்துப்போன மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அந்த ஊரிலும் ஆறு ஓடுகிறதாம். இவரும் தினம் காலையில் நடக்கப்போகிறாராம்.

தோப்பைக் கொடுக்க முதலில் மனசே வரவில்லை என்றார் பெருமாள். ஒரு வருஷமாக அண்ணாச்சி சொல்லச் சொல்லத்தான் மனசு திரும்பியதாம்.

பரமேஸ்வரன் நடையைக் குறைத்தார். சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே, பத்து மணிக்குள். இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் இருமல்தான் வந்தது.

கடைசியில் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெருமாள், போன அன்னைக்கே மவங்கிட்ட வாசச் சாவி ஒண்ணு கேட்டு வாங்கிக்கிடும்."

பெருமாள் நின்றுவிட்டார். பிறகு சிரித்தார். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய? பெத்த மவன் வீட்டுச் சாவிய நான் கேட்டு வாங்கணுமா?"

பரமேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. பெர்த்துக்குப் போன மூன்றாம் நாள் காலையில் அவரும் தனக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. ஊரிலிருந்து கொண்டுபோன சாம்பிராணிக் கப் ஒன்றை எடுத்துக் கூடத்தில் கொளுத்தி வைத்தார். கூரையில் இருந்த அலாரம் அலறியது. நாலு மாடிச் சனமும் இறங்கித் தெருவில் நின்றது, தீயணைப்பு வண்டி வந்தது. அதற்கப்புறம் மாமாவை வீட்டில் தனியாக விட மருமகளுக்குப் பயம்.

மறுநாளிலிருந்து ஏழரைக்கு மூன்று பேரும் ஒன்றாக இறங்கினார்கள். மகன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்பாவுக்கு நடப்பதென்றால் பிடிக்குமே என்றான். அந்தக் கதவு மறுபடி திறக்க சாயங்காலம் ஐந்தரை ஆகும். வெயில் அடித்தால் பெஞ்ச், குளிரென்றால் நூலகம், அது பூட்டியிருக்கும் நேரத்தில் மழை வந்தால் பாலத்தடி.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பானோ என்னவோ. கேட்கவில்லை. சனி, ஞாயிறு நீக்கி நூற்று இருபத்து நாலு நாள் நடந்தார். வந்து எல்லோரிடமும் ஆற்றின் அழகைச் சொன்னார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பெருமாள் பக்கத்திலேயேதான் நின்றார். ஆனால் வயசான காலத்தில் பிள்ளை வெளியே விட்டுப் பூட்டினான் என்பதை எந்த வாயால் சொல்வது. பரமேஸ்வரனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கரையேறினார். பாதி மேட்டில் நின்று திரும்பி, சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைகிறது, அண்ணாச்சி ஆதார் அட்டையோடு பத்து மணிக்குப் பத்திர ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

பரமேஸ்வரன் சரி என்று தலையை ஆட்டினார்.