கைதிக்கு என்ன வேணும்?

என் மணிக்கட்டுகளைக் கட்டிய கடற்கொள்ளைக்காரர், வலிக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.

இல்லை என்றேன். பேக்கரிக்காரர் அவர். கேக் பெட்டிக்குப் போடுவது போலவே பூமுடிச்சு போட்டிருந்தார்.

கடலோரச் சாலையில் ஒட்டுப்பலகையால் செய்த கப்பல் நின்றது. அதன் கீழ்த்தட்டுதான் சிறை. வருடத்தில் ஒரு நாள் ஊரே கொள்ளையர் வேஷம் போடும் இந்த விழாவில், கூட்டத்திலிருந்து சிலரைப் பிடித்து வந்து இங்கே அடைப்பார்கள். சொந்தக்காரர் யாராவது வந்து, கைதி தமக்கு என்ன உறவு என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். நான்கு மணிவரை ஆள் வராதவர்கள் மேடையேறி ஆட வேண்டும்.

மணி மூன்று ஐம்பது.

ஆடுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

என் கணவருக்கு அன்று படகுத்துறையில் வேலை. என்னைத் தேடி வர இந்த ஊரில் மிச்சம் இருந்தது அவருடைய மகள் ஒருத்திதான். பதினொரு வயது. இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இன்றுவரை அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அம்மா என்ற சொல்லுக்கு உரியவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். அந்தச் சொல்லில் பங்கு கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. 'சித்தின்னு கூப்பிடேன்' என்று அவள் அப்பா ஒருமுறை சொன்னார். தலையை ஆட்டினாள். அதோடு சரி.

கோபம் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் தலை வைப்பாள். ஆனால் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், சமையலறை வாசலில் நின்று நான் திரும்பும்வரை காத்திருப்பாள். லைட் அணைக்கலாமா. சாவி எங்க இருக்கு. பசிக்குது. பேசுகிறவருக்கு எதிரில் நிற்பவர் நீயா நீங்களா என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும் மொழியில், இரண்டும் இல்லாமல் வாக்கியம் அமைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இந்தக் கப்பலில் இருந்த கொள்ளையர் அத்தனை பேருடைய கால்சட்டைகளையும் கிழித்தது நான்தான். துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நேராகத் தைத்துப் பழகிய கைக்கு, நல்ல துணியைக் கந்தலாக்குவது சுலபமில்லை. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"இங்க இன்னும் கொஞ்சம் கிழியணும்."

கிழியணும். கிழிங்க அல்ல.

எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இத்தனை பேர் பார்க்க, அவள் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். அல்லது வராமலே இருந்துவிடலாம். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று தெரியவில்லை.

பக்கத்துக் கைதி கணக்கு வாத்தியார். அவர் மனைவி வந்து நின்று, "என் வீட்டுக்காரர்தான். ஆனா ஆறு மணிவரைக்கும் இங்கயே வச்சுக்குங்களேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், வாத்தியாரும்தான். போகும்போது அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத்தான் அந்த அம்மாள் கூட்டிப்போனாள்.

அப்போது அவள் வந்தாள்.

காலையில் நான் வரைந்துவிட்ட மீசை ஒரு பக்கம் காதுவரை இழுபட்டிருந்தது. ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

சிறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் தபால் நிலையத்துக்காரி. ஒட்டுத்தாடி வைத்திருந்தாலும், விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட மாட்டாள்.

"இவங்க உனக்கு என்ன வேணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையை. சித்தி என்று நானே எடுத்துக்கொடுக்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"வேணும்" என்றாள்.

"சரிம்மா, வேணும். என்ன வேணும்னு கேக்கறேன்."

"அதான் சொல்றேனே. எனக்கு இவங்க வேணும்."

தபால் நிலையத்துக்காரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். பிறகு 'உறவு' என்ற கட்டத்தில் 'வேணும்' என்று எழுதி, பக்கத்தில் முத்திரை குத்தினாள்.

இவங்க. இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து என்னைக் குறித்து வந்த முதல் சொல். எனக்கு அது போதும் என்றிருந்தது. பேக்கரிக்காரரிடம் கையை நீட்டினேன்.

"இருங்க, இன்னும் முடியல." தபால் நிலையத்துக்காரி தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் கைதிக்கு உரியது. "கூட்டிட்டுப் போக வந்திருக்கற பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட வாசலில், பல் மருத்துவரிடம், கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். யோசிக்காமல், சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்.

'எங்க வீட்டுக்காரரோட பொண்ணு.'

அதை அவளுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவள் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள். மிக மெதுவாக.

அந்த நேரம் பார்த்து பேண்டு வாத்தியக் குழு ஒன்று கப்பலை ஒட்டிக் கடந்தது. ஒட்டுப்பலகை முழுவதும் அதிர்ந்தது.

"சொல்லுங்க, நேரமாகுது" என்று கத்தினாள் தபால் நிலையத்துக்காரி.

கடைசி மேளமும் தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருந்தேன். அவள் காதில் விழ வேண்டும்.