ஈரக் களிமண்

பூங்கோதையின் கணவர் சக்கரபாணி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. செராமிக் கம்பெனியில் களிமண் பிசைந்த கையோடு வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பார். “கையக் கழுவுங்க” என்று இவள் தினமும் கத்துவாள். அவர் டிவியில் ஆடியது, பயிர் வளர்க்கும் விவசாய வீடியோ ஆட்டம்.

பெண்ணாடத்திலிருந்து நாத்தனார் சிவசங்கரி வந்திருந்தாள்.

“அண்ணி, அண்ணன் ஆடுன அதே ஆட்டத்த நான் மாசாமாசம் பணம் கட்டி நெட்டுல ஆடுனேன். திடீர்னு அந்த ஆட்டத்தையே தூக்கிட்டாங்க, என் வயலே போச்சு. நல்லவேளை, அண்ணன் டிஸ்க்கா வாங்கி வெச்சிருக்காரு.”

அவர் போனதிலிருந்து பரணில் கிடந்த கேம் பெட்டியை இறக்கி, டிவியில் மாட்டி, டிஸ்க்கைப் போட்டார்கள். யாரும் தொடாத அவர் வயலில் களை மண்டியிருக்கும் என்று நினைத்தாள் பூங்கோதை. கரும்பு ஆளுயரம் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அவள் கேட்டுக் கேட்டும் அவர் நடாமலே விட்ட சாமந்தி, வரப்போரம் பூத்திருந்தது.

“கடைசியா ஆடுனது இன்னைக்குக் காலையில ஆறு மணின்னு காட்டுது அண்ணி.”

பூங்கோதை ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தாள். வெள்ளைக் களிமண் ஈரமாக அப்பியிருந்தது. துடைக்க எடுத்த முந்தானையைக் கீழே விட்டாள்.

“பூ நல்லா இருக்குதுங்க,” என்றாள் மெதுவாக. “இனிமே கையெல்லாம் கழுவ வேணாம். அப்படியே வாங்க.”