நூலேணி

கப்பல்களைத் துறைமுகத்துக்குள் நடத்திவரும் பைலட்டாக அமலிக்கு இதுதான் முதல் கப்பல். இந்தத் துறைமுகத்தின் முதல் பெண் பைலட்டும் அவள்தான். கரையில் பார்த்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். வெளிக்கடலில் நின்ற கப்பலின் பக்கவாட்டில் நூலேணி ஆடிக்கொண்டிருந்தது.

"அலை தூக்கும்போதே ஏணியப் புடிச்சிருங்க மேடம்," என்றார் படகோட்டி பிரிட்டோ. "நீங்க ஏறுன உடனே நான் படகத் தள்ளிக் கொண்டுபோயிருவேன்."

"ஏன்?"

"விழுந்தா தண்ணியில விழணும். படகு மேல விழுந்துறக் கூடாதுல்லா."

அலை தூக்கியது. பிடித்தாள். சொன்னபடியே படகு விலகிப் போனது. ஈரக் கட்டைகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறினாள். உச்சியில் தூக்கிவிட ஒரு கை நீண்டது. அதைப் பற்றுவதற்காக வலக்கையைக் கயிற்றிலிருந்து எடுத்தாள். அப்போதுதான் மேலே இருந்த மாலுமி அவளுடைய ஹெல்மெட்டுக்குள் இருந்த பெண் முகத்தைப் பார்த்தான். நீண்ட கை பாதியில் நின்றது.