பழைய நகல்

டிஸ்க்கைச் சோதிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பிழை காட்டியது. பழுதுபார்க்க வந்த ஷாகிதா, "டிஸ்க் நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் அதுவா எடுத்து வச்ச பழைய நகல் ஒண்ணுதான் கெட்டுப்போயிருக்கு. அழிச்சிடவா?" என்றாள்.

அருள்தாஸ் தேதியைப் பார்த்தார். மகள் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்த தன் படங்களையெல்லாம் அழித்துவிட்டு வீட்டைவிட்டுப் போனதற்கு முந்தைய நாள்.

"திறக்க முடியுமா?"

"முடியாது சார். இடம் பத்தலன்னா அதுவே அழிஞ்சிடும்."

"அதுவரைக்கும் இருக்கட்டும்மா."

பிறகு அவர் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் சேமிக்கவில்லை. தினமும் காலையில் சோதித்து, பிழை இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் பல் துலக்கப் போவார்.

நேற்று, முதல்முறையாக, மகளிடமிருந்து நீளமான வீடியோ வந்தது. பேரன் தவழ்ந்து வந்தான். பின்னால் அவள் குரல் மட்டும் கேட்டது. யோசிக்காமல் சேமித்துவிட்டார்.

இன்று காலை, பிழை எதுவும் இல்லை என்றது திரை. அருள்தாஸ் பல் துலக்கப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.