துணைக்கு வந்தவள்

"பாப்பாவுக்கு மூச்சுத் திணறுது, உடனே வாங்க" என்ற செய்தி, செல்போன் கோபுரத்திலிருந்து அப்பாவின் போனுக்குக் கிளம்பியது. வழியில் எழுத்து ஏதும் சிதைந்தால் மீட்டுத் தருவதற்காக, காப்பு எண் ஒருத்தியும் கூடவே பறந்தாள்.

"அர்த்தமே இல்லாதவளுக்கு இடம் வேறயா?" என்று இடித்தது 'மூ' என்ற எழுத்து.

அடித்த மழையில் அந்த 'மூ'தான் உருத்தெரியாமல் போனது. மற்ற எழுத்துகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, பதறிப் பதறி அதை மீட்டாள் அவள்.

வாசலில் போன் அவளைத் தடுத்தது. "உன் வேலை முடிஞ்சுது."

"அப்பா கிளம்புறாரான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறேங்க."

"படிக்கிற செய்தியில உனக்கென்ன வேலை?" என்று அவளை அழிக்கத் தொடங்கிய போன், எழுத்துகளை மெச்சியது. "ஒரு பிழைகூட இல்லாம வந்துட்டீங்களே!"

"தடுமாறுற பழக்கமே எங்களுக்குக் கிடையாதுங்க" என்றது 'மூ'.

அவர் கிளம்பினாரா என்று தெரிவதற்குள் அவள் அழிந்திருந்தாள்.